கார்டு இல்லாத பயணி: பெருந்தொற்றும் சென்னையின் மின்சார ரயிலும்

கொரோனா பெருந்தொற்றால் சென்னையின் மின்சார ரயில்கள் 2020 மார்ச் 22ஆம் தேதி நள்ளிரவோடு நின்றன. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து புயலுக்கும் வெள்ளத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் நின்றிருக்கிறதே தவிர, பொதுமக்களுக்கு ஒன்பது மாதம் கதவடைத்த வரலாறு அதற்கு இல்லை. இந்த ஆய்வு அந்த ஒன்பது மாதத்தையும், அதை ஒட்டி 2022 தொடக்கம் வரை நீண்ட கட்டுப்பாடுகளையும், அவற்றுக்குப் பின் இந்நகரத்தின் போக்குவரத்துத் திட்டங்களில் மாறியதையும் மாறாததையும் எடுத்துக்கொள்கிறது. பேருந்தும் மெட்ரோவும் இதில் வரும். எனினும் ‘யார் பயணம் செய்யலாம்’ என்ற கேள்வியை வெளிப்படையாகக் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வைத்தது புறநகர் ரயில்தான் என்பதால், ஆய்வு அங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் காலவரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மார்ச் 24 மாலை முதல் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் நாடு முழுவதற்குமான ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் இறுதியில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவியது தெரியவந்து, மே 5 அன்று சந்தை மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஜூன் 1 முதல் மாநிலத்தின் பிற மண்டலங்களில் பாதியளவு பேருந்துகள் ஓடியபோதும் சென்னைக்கும் அதைச் சுற்றிய மாவட்டங்களுக்கும் அனுமதி இல்லை. ஜூன் 19 முதல் சென்னையில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. மளிகை, காய்கறி வாங்க வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள், வண்டி எடுக்காமல் நடந்தே போக வேண்டும் என்பது அப்போதைய விதி. மாநகரப் பேருந்துகள் செப்டம்பர் 1ஆம் தேதியும் மெட்ரோ ரயில் செப்டம்பர் 7ஆம் தேதியும் திரும்பின. மாநிலத்துக்குள் பயணிக்க இ-பாஸ் வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தச் செப்டம்பரோடு நீங்கியது. மின்சார ரயில் மட்டும் வரவில்லை.

அது வந்த விதம்தான் இங்கே முக்கியம். அக்டோபர் 5 முதல் அத்தியாவசியப் பணியாளர்களுக்கான சிறப்பு ரயில்களைத் தெற்கு ரயில்வே இயக்கியது. அடையாள அட்டையும், அலுவலகம் தந்த அங்கீகாரக் கடிதமும் இருந்தால்தான் கவுன்ட்டரில் டிக்கெட் கிடைக்கும். நவம்பர் 23 முதல் பெண்கள் அனுமதிக்கப்பட்டனர், ஆனால் கூட்டம் இல்லாத நேரங்களில் மட்டும். டிசம்பர் 14 முதல் பெண்களுக்கு நேரக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. டிசம்பர் 23 முதல் பொதுமக்கள் அனைவரும் கூட்டம் இல்லாத நேரத்தில் ஏறலாம் என்றானது. அதாவது ஆண்களுக்குக் காலை 7 முதல் 9.30 வரையும் மாலை 4.30 முதல் 7 வரையும் இடமில்லை. இரண்டாம் அலையில், 2021 மே மாதம், ரயில் மறுபடியும் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் என்று சுருங்கி, ஜூன் 25 முதல் பெண்களுக்கு எந்நேரமும், ஆண்களுக்குக் கூட்டம் இல்லாத நேரமும் என்ற அதே ஏற்பாட்டுக்குத் திரும்பியது.

நவம்பர் 23க்கும் டிசம்பர் 14க்கும் இடையில் மூன்று வாரம்தான். அந்த மூன்று வாரத்தில் ஒரு விதி தன்னைத்தானே தலைகீழாகத் திருப்பிக்கொண்டதை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை. முதல் அறிவிப்பின் உள்ளே ஓர் ஊகம் இருந்தது: பெண் ரயில் ஏறுவது துணி எடுக்க, கோயிலுக்குப் போக, உறவினரைப் பார்க்க, அதைப் பதினொரு மணிக்குச் செய்தால் யாருக்கும் நட்டமில்லை. காலை எட்டரை மணி வண்டி ஆணுடையது. இரண்டாவது அறிவிப்பு இதை அப்படியே புரட்டிப் போட்டது. எட்டரை மணி வண்டியில் பெண் ஏறலாம், அட்டை இல்லாத ஆண்தான் வெளியே நிற்க வேண்டும்; டிசம்பர் 23க்குப் பிறகும் அவர் ஒன்பதரை வரை காத்திருக்க வேண்டும். இரண்டு அறிவிப்புகளின் நோக்கமும் ஒன்றுதான், பெட்டியில் கூட்டத்தைக் குறைப்பது. ஆனால் இரண்டுக்கும் நடுவே, காலை நேரத்தில் எத்தனை பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்பது நிர்வாகத்தின் கண்ணில் பட்டுவிட்டது என்றே நான் படிக்கிறேன்.

அட்டை விஷயத்தில் இப்படி ஒரு திருத்தம் நடக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் அக்கா ஊரப்பாக்கத்திலிருந்து கோடம்பாக்கம் வருபவர். அந்த அக்டோபரில் ஒரு நாள் அவர் தன் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதக் கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஆதார், ரேஷன் கார்டின் நகல், வாக்காளர் அட்டை, மகள் படிக்கும் கல்லூரியின் கட்டண ரசீது. “இதுல எது வேணும்னாலும் காட்டுறேன் சார், ஆனா அவங்க கேக்குறது இதுல இல்லையே” என்றார். கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னாராம், “உங்க ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா.” எந்த ஆபீஸ்? மூன்று வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் செல்லுமா என்று கேட்டார். செல்லாது. கடிதத்தில் நிறுவனத்தின் முத்திரை வேண்டும். வீட்டுக்கு ஏது முத்திரை?

அவர் செய்யும் வேலை வீட்டிலிருந்தே செய்யக்கூடியது அன்று. அவருக்குச் சேமிப்பும் இல்லை. பயணத்தின் தேவையை வைத்துப் பார்த்தால் அந்தப் பெட்டியில் முதலில் ஏற வேண்டியவர் அவர்தான். பத்து ரூபாய் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துகொண்டிருந்த அந்தப் பயணத்தை அவர் தாம்பரம் வரை ஒரு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ஒரு மாநகரப் பேருந்து, பிறகு நடை என்று மாற்றிக்கொண்டார். பெருந்தொற்றுக் காலத்து விதிகள் வேலையின் தன்மையை அளக்காமல் வேலைக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறதா என்பதை அளந்தன. பூக்கட்டுபவர், இஸ்திரி போடுபவர், கட்டட வேலைக்குப் போகும் சித்தாள், சூளைமேட்டில் காய் விற்றுவிட்டுக் கூடுவாஞ்சேரிக்குத் திரும்பும் கிழவி ஆகியோர் அனைவரும் அந்த அளவுகோலில் பூஜ்யம். இதை அதிகாரிகளின் கொடுமை என்று சொல்ல மாட்டேன். சோதிக்கக் கூடிய ஒன்றைத்தான் கவுன்ட்டரில் சோதிக்க முடியும். அட்டை சோதிக்கக் கூடியது, தேவை அப்படியன்று. ஆனால் நகரத்தின் பயணக் கணக்குகள் பல பத்தாண்டுகளாக எவரை மையமாக வைத்துப் போடப்பட்டனவோ அவரையே இந்த விதியும் மையமாக வைத்தது என்பதைக் குறிக்காமல் விட முடியாது: மாதச் சம்பளம், அடையாள அட்டை, சீசன் டிக்கெட், காலையில் ஒரு வழி, மாலையில் மறு வழி.

தொற்றுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான முரண் 2022 ஜனவரியில் இன்னொரு வகையில் வெளிப்பட்டது. மூன்றாம் அலையின்போது, ஜனவரி 10 முதல், இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டினால்தான் புறநகர் ரயிலில் டிக்கெட் என்றனர். சான்றிதழை மனிதர்தான் பார்க்க வேண்டும் என்பதால் மொபைல் செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதி நிறுத்தப்பட்டது. கையோடு கை படாமல் டிக்கெட் எடுக்கலாம் என்று நோய்க்காலத்தில் பரிந்துரைக்கப்பட்ட அதே வசதி, நோயின் பெயரால் மூடப்பட்டு, எல்லோரும் கவுன்ட்டர் முன் வரிசையில் நின்றோம்.

சென்னையில் பெருந்தொற்றுக்குப் பின் வந்த இரண்டு பெரிய மாற்றங்களும் கட்டணத்தில் வந்தவை. தண்டவாளத்தையோ சாலையையோ தொடாமல், விலையைத் தொட்டதால் நேர்ந்தவை.

முதலாவது, மெட்ரோ. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான சுமார் 9 கிலோமீட்டர் நீட்டிப்பு திறக்கப்பட்டது. எட்டு நாள் கழித்து, அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பயண அட்டைக்கும் கியூஆர் டிக்கெட்டுக்கும் தள்ளுபடி 20 சதவீதம் வரை போனது. பயணிகளின் எண்ணிக்கை இதைவிட நன்றாகப் பேசும். 2019இல் ஆண்டு முழுவதும் 3.28 கோடிப் பேர் ஏறினர், 2020இல் 1.18 கோடி, 2021இல் 2.53 கோடி. பழைய நிலைக்குத் திரும்புவதே பெரிய காரியம் என்று நினைத்திருந்த நேரத்தில், 2022இல் அது 6.09 கோடியானது. 2023இல் 9.11 கோடி, 2024இல் 10.52 கோடி. பொதுப் போக்குவரத்தை மக்கள் இனி அஞ்சி ஒதுக்குவார்கள், எல்லோரும் சொந்த வண்டிக்கு மாறிவிடுவார்கள் என்று 2020இல் எழுதப்பட்டவை ஏராளம். அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன். ஐந்து ஆண்டுக்குள் பயணிகள் மும்மடங்கு ஆவார்கள் என்று நான் எழுதவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சீசன் டிக்கெட் என்பது மாதம் இருபத்தைந்து நாள் ஒரே பாதையில் போகிறவருக்காக உருவான சரக்கு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் வரச் சொல்லும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. ஏறிய பயணத்துக்கு மட்டும் காசு கழித்து, அதிலும் தள்ளுபடி தரும் அட்டை அவருக்குப் பொருந்துகிறது. மெட்ரோவின் கட்டண முறை இந்தப் புது வாழ்க்கைக்குத் தற்செயலாகவே பொருந்தியது என்று நினைக்கிறேன். மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணம் செய்ய 1,000 ரூபாய் மாதப் பாஸும், மின்சார ரயிலின் சீசன் டிக்கெட்டும் பழைய கணக்கிலேயே நின்றன. ஊரடங்குக்குச் சற்று முன் அந்த 1,000 ரூபாய்ப் பாஸை வாங்கியவர்களுக்கு, பேருந்து திரும்பி வந்த செப்டம்பரில் 15ஆம் தேதி வரை அது செல்லும் என்று அறிவித்தார்கள். இழந்த நாளுக்கு ஈடு கொடுத்த அந்தச் சிறு நடவடிக்கையில், ‘பாஸ் என்பது நாட்களின் கணக்கு, பயணங்களின் கணக்கு அன்று’ என்ற எண்ணம் எவ்வளவு ஊறியிருந்தது என்பதும் தெரிகிறது.

இரண்டாவது, மகளிர் கட்டணமில்லாப் பேருந்து. 2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு. க. ஸ்டாலின் முதல் நாளில் கையெழுத்திட்ட ஆணைகளில் இதுவும் ஒன்று. வெள்ளைப் பலகை மாட்டிய சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மே 8 முதல் பெண்கள் டிக்கெட் காசு இன்றிப் பயணம் செய்யலாம்; இழப்பை ஈடுகட்டப் போக்குவரத்துக் கழகங்களுக்கு 1,200 கோடி ரூபாய். மே 10 அன்று முழு ஊரடங்கு வந்தது. இரண்டே நாள் ஓடிய திட்டம் பேருந்துகளோடு சேர்ந்து பணிமனைக்குள் போனது. ஜூன் 21 அன்று சென்னையில் பாதி இருக்கைகளோடு பேருந்துகள் வெளியே வந்தபோதுதான் அது உண்மையில் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். தொற்று அச்சத்தால் பேருந்து காலியாக ஓடும் என்று எதிர்பார்த்த காலத்தில், கண்டக்டரின் கையில் இருந்த கட்டணமில்லா டிக்கெட் கட்டுதான் வேகமாகத் தீர்ந்தது. பின்னர் மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வு, இத்திட்டத்தால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று கண்டது. இத்திட்டத்தை ஊரடங்கின் விளைவு என்று சொன்னால் அது பிழை. அது தேர்தல் வாக்குறுதி. ஆனால் ரயில் கவுன்ட்டரில் எந்த அட்டை கேட்கப்பட்டதோ அதை வெள்ளைப் பலகைப் பேருந்து கேட்கவில்லை. பெண்ணாக இருந்தால் போதும். முத்திரையும் கடிதமும் சம்பளச் சீட்டும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன் மின்சார ரயில் வகுத்த தகுதிப் பட்டியலுக்கு இதைவிட நேரான எதிர்ப்பதிவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

போக்குவரத்துக் கழகத்தின் வருவாயும் இதனால் வேறு வழிக்குத் திரும்பியது. பேருந்து இனி பயணி தரும் சில்லறையை மட்டும் நம்பி ஓடுவதில்லை. அரசு ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையை நம்பியும் ஓடுகிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அவற்றை இயக்கும் தனியார் நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்குக் கூலி. டிக்கெட் வருவாய் கழகத்துக்கு. பயணி குறைந்தால் பேருந்து குறையும் என்ற பழைய கணக்கு இந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஊரடங்கில் வருவாய் ஒரே நாளில் அற்றுப்போனதைப் பார்த்த ஒரு துறை இந்த வழியைத் தேடியதில் வியப்பில்லை. இந்த வகை ஒப்பந்தம் தொற்றுக்கு முன்பே உலகின் பல நகரங்களில் இருந்தது என்பதும் உண்மை.

இனி, மாறாதவை. மெட்ரோவின் இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், 63,246 கோடி ரூபாய். இதற்கான அடிக்கல் 2020 நவம்பர் 21 அன்று நாட்டப்பட்டது. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பெண்கள் கூட்டம் இல்லாத நேரத்தில் மின்சார ரயிலில் ஏறலாம் என்ற அறிவிப்பும் நடைமுறைக்கு வந்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மூன்றாம் வழித்தடம், பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனங்களை நம்பி வகுக்கப்பட்டது. அடிக்கல் நாட்டிய அன்று அந்த நிறுவனங்களின் ஊழியர்களில் பெரும்பாலோர் மதுரையிலும் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் தத்தம் வீட்டு மாடியில் லேப்டாப்போடு அமர்ந்திருந்தார்கள். வழித்தடம் மாறவில்லை. அதற்காகத் திட்டமிட்டவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை என்றே இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் சாலையில் வண்டிகள் திரும்பி வந்துவிட்டன. ஆனால் அந்த வழித்தடத்தில் வாரத்தின் எந்த நாளில் எவ்வளவு பேர் ஏறுவார்கள் என்ற கேள்விக்கு 2019இல் இருந்த பதிலும் இன்றைய பதிலும் ஒன்றாக இருக்க முடியாது.

நடை விஷயம் இன்னும் வருத்தம் தருவது. 2008இல் செய்யப்பட்ட சென்னையின் விரிவான போக்குவரத்து ஆய்வில், நகரத்தின் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் முழுவதும் நடையாகவே நடந்தவை என்பது தெரிந்திருந்தது. 2020 ஜூனில் அரசே 2 கிலோமீட்டர் நடந்து போங்கள் என்றபோது, வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது, அங்கே போக நடைபாதை இருக்கிறதா என்று லட்சக்கணக்கானோர் முதன்முறையாகக் காலால் அளந்தார்கள். என் தெருவிலிருந்து மளிகைக் கடை 700 மீட்டர். நடைபாதை தொடர்ச்சியாக இருந்த இடம் சுமார் 200 மீட்டர். மீதியில் மின்மாற்றிப் பெட்டி, கோயில் மதிலின் முன் நிறுத்திய கார்கள், பாதியில் விட்ட மழைநீர் வடிகால். வண்டி ஓடாத நாட்கள் என்பதால் சாலையின் நடுவில் நடந்தோம்; வண்டிகள் வந்ததும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டோம். 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் ஏற்கெனவே கண்முன் இருந்தும், ஊரடங்கில் கிடைத்த அந்த அளவீடு எந்தத் திட்ட ஆவணத்துக்கும் தரவாகப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. மிதிவண்டிக்கும் இதே கதை. 2020இல் சைக்கிள் கடைகளில் சரக்கு இல்லை என்றார்கள். 2022இல் அந்தச் சைக்கிள்கள் பல அடுக்குமாடிகளின் படிக்கட்டுக்கு அடியில் துருப்பிடித்தன.

நிறுவன அமைப்பில் ஒரு நகர்வு நடந்தது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இலேயே இயற்றப்பட்டது. கும்டா என்று எல்லோரும் சொல்லும் அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் 2022 நவம்பர் 17 அன்றுதான் நடந்தது. பன்னிரண்டு ஆண்டு. பேருந்து ஓர் அமைப்பிடம், மெட்ரோ வேறொன்றிடம், மின்சார ரயில் மத்திய அரசிடம் என்று பிரிந்து கிடந்ததன் விலையை 2020 காட்டிவிட்டது: பேருந்து செப்டம்பர் 1, மெட்ரோ செப்டம்பர் 7, ரயில் டிசம்பர் 23. ஒரே நகரம், ஒரே தொற்று, மூன்று தேதிகள். 2025 செப்டம்பரில் இக்குழுமம் ‘சென்னை ஒன்’ செயலியைக் கொண்டுவந்தது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆரில் டிக்கெட்.

மின்சார ரயிலில் அதற்குள் குளிர்சாதனப் பெட்டிகளும் வந்துவிட்டன. 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடும் அந்த வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் அது 5 ரூபாய். ஜன்னல் திறந்த பெட்டி நல்லது, காற்று புழங்கட்டும் என்று 2020இல் சொன்னோம். கூட்ட நெரிசலுக்குக் கிடைத்த புதிய விடையில் கதவும் ஜன்னலும் மூடியிருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சென்னை வெயிலில் அது வேண்டியதுதான். சாதாரண வண்டிகளின் எண்ணிக்கை கூடுகிறதா என்பதே நான் கேட்க விரும்புவது.

ஊரப்பாக்கத்து அக்கா இப்போது ரயிலில் வருவதில்லை. தடை ஏதும் இல்லை. யாரும் அட்டை கேட்பதில்லை. கட்டணமில்லாப் பேருந்தில் தாம்பரம் வந்து, இன்னொரு கட்டணமில்லாப் பேருந்தில் ஏறி, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று வருகிறார். ரயிலில் வந்தால் நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும், இருபது ரூபாய் செலவாகும். மாதத்துக்கு அது மகளின் பஸ் நிறுத்தத்துத் தோசைக் காசு என்று கணக்குச் சொன்னார். சென்னை ஒன் செயலியை அவர் போனில் நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “ரயிலுக்கும் இதே மாதிரி பூஜ்யம் காட்டுமா சார்?” பேருந்துக் கட்டணத்தை மாநில அரசு தீர்மானிக்கிறது, ரயில் கட்டணத்தை மத்திய அரசு தீர்மானிக்கிறது என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். பழைய காகிதக் கட்டு இன்னும் அதில்தான் இருக்கிறது.